ஐரோப்பியக் கால்வாய்களில் சொந்தப் படகு: கிளம்பும் முன் என்னென்ன வேலை, எந்த வரிசையில்

நெதர்லாந்தில் பழைய ஸ்டீல் படகு ஒன்றை வாங்கி, பெல்ஜியம் வழியாகப் பிரான்சுக்குள் நுழைந்து, கோடை முழுவதும் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர் ஊராகப் போக வேண்டும் என்று ஆசைப்படும் கணவன் மனைவிக்காக இதை எழுதுகிறேன். லண்டனில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் இந்த வேலையில் இறங்கியபோது தகவலுக்குப் பஞ்சமே இல்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. விசாவுக்குத் துறைமுகக் கடிதம் கேட்பார்கள், துறைமுகம் இன்சூரன்ஸ் கேட்கும், இன்சூரன்ஸ் நிறுவனம் படகின் நிலையைச் சோதித்து எழுதும் சர்வே அறிக்கை கேட்கும், சர்வே செய்யப் படகு வேண்டும். இந்தச் சங்கிலி புரிவதற்குள் எங்களுக்கு ஒரு குளிர்காலம் போய்விட்டது. உங்களுக்கு அது போகக் கூடாது.

நீங்கள் பிரிட்டனில் வசிப்பவர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பாரிஸிலோ ஜெர்மனியிலோ வசித்தால் விசாப் பகுதியைத் தாண்டிவிடலாம். படகுப் பதிவும் ரேடியோ உரிமமும் உங்கள் நாட்டு முறைப்படி இருக்கும். மற்றதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

1. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள்

பிரான்சில் வாடகைப் படகு ஓட்ட எந்த உரிமமும் வேண்டாம். வாடகை நிறுவனமே அரை மணி, ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் செல்லும் ஓர் அட்டையைத் தந்துவிடும். ஏப்ரலிலோ அக்டோபரிலோ போனால் ஜூலை, ஆகஸ்டைவிட வாடகை நன்றாகக் குறையும். எல்லாரும் தெற்குப் பிரான்சின் மிடி கால்வாயைத்தான் சொல்வார்கள். அழகுதான், ஆனால் கோடையில் லாக் வாசலில் வரிசை நிற்கும், பாலங்கள் தாழ்வு. முதல் தடவைக்கு நான் கிழக்குப் பிரான்சின் சோன் ஆற்றின் மேற்பகுதியைத்தான் சொல்வேன். தண்ணீர் அகலம், லாக்குகள் குறைவு, கோடையில் ஓட்டமும் சாது.

லாக் என்றால், தெரியாதவர்களுக்கு: இரண்டு பக்கமும் கதவுள்ள ஒரு நீர் அறை. படகு உள்ளே போனதும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை அடுத்த மட்டத்துக்கு ஏற்றுவார்கள், இறக்குவார்கள். இந்தப் பயணத்தில் பாதி வாழ்க்கை அதற்குள்தான்.

அந்த ஒரு வாரத்தில் கவனிக்க வேண்டியது ஊர்களை இல்லை, உங்களைத்தான். பன்னிரண்டு மீட்டர் நீள அறைக்குள் மழை நாளில் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? யாருக்கு முழங்கால் வலிக்கிறது? இரவு எழுந்து கழிப்பறைக்குப் போக இன்னொருவரைத் தாண்ட வேண்டியிருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகே படகு விளம்பரங்களைத் திறங்கள்.

2. நாட்களை எண்ணுங்கள்: 90/180

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. நெதர்லாந்தில் படகு பார்க்கப் போன நாட்களும், சர்வேக்குப் போன நாட்களும் இதில் சேரும். 2025 அக்டோபரில் தொடங்கிய ஈ.ஈ.எஸ். என்னும் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிந்துவிடுவதால் கணக்கைக் கணினியே போடுகிறது. முத்திரை மங்கிவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் அதே 90 நாள்தான், அதோடு 90 யூரோ கட்டி ஷெங்கன் விசாவும் வேண்டும். பல முறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். ஒரு முறை மட்டும் என்று வந்துவிட்டால், நடுவில் ஒரு கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்துபோகக்கூட வழியில்லை.

90 நாள் போதாதென்றால் பிரான்சின் நீண்டகால விசா. ஆறு மாதம் வரைக்குமானதுக்கு, பிரான்சில் போய்ப் பதிவு செய்யும் வேலை இல்லை, ஆனால் அங்கிருந்தபடி நீட்டிக்கவும் முடியாது. கட்டணம் ஆளுக்கு 99 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க விட மாட்டார்கள், ஏப்ரலில் கிளம்புபவர்களுக்கு அது ஜனவரி. கணவன் மனைவி என்றாலும் ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு கோப்பு. கேட்பவை: வங்கிக் கணக்கு அறிக்கைகள், தங்கும் காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு (ஐரோப்பாவில் அரசு மருத்துவத்துக்கான பிரிட்டனின் ஜி.எச்.ஐ.சி. அட்டை இதற்கு ஈடாகாது), பிரான்சில் வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிய கடிதம், அப்புறம் தங்குமிடச் சான்று. இந்தக் கடைசியில்தான் படகுக்காரர்கள் மாட்டுவார்கள். படகுதான் வீடு என்று சும்மா எழுதினால் போதாது. பிரான்சில் ஒரு துறைமுகம் உங்கள் படகுக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகத் தரும் கடிதம், படகின் பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று மூன்றையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள். ஆக, படகை முந்தைய இலையுதிர் காலத்திலேயே வாங்கியிருக்க வேண்டும். எங்கள் காலண்டர் முழுவதும் இந்த ஒரு காரணத்தால்தான் தலைகீழானது.

இன்னொரு பொறி: பிரெஞ்சு விசா பிரான்சில் தங்கத்தான். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கழிக்கும் நாட்களுக்கு 90 நாள் கணக்கு தனியாக ஓடிக்கொண்டே இருக்கும்.

3. ஐ.சி.சி.யும் செவ்னியும், இருவருக்கும்

சொந்தப் படகு என்றதும் வாடகைப் படகுச் சலுகை போய்விடும். நெதர்லாந்தில் 15 மீட்டருக்குக் குறைவான, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத படகுக்கு உரிமம் கேட்க மாட்டார்கள். பிரான்சில் கேட்பார்கள். அதற்கு ஐ.சி.சி. என்னும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அதில் உள்நாட்டு நீர்வழிக்கான குறிப்பும் இருக்க வேண்டும். அந்தக் குறிப்புக்கு ஐரோப்பிய நீர்வழி விதிகளான செவ்னியில் எழுத்துத் தேர்வு. பிரிட்டனில் இரண்டையும் படகோட்டிகள் சங்கமான ஆர்.ஒய்.ஏ. அங்கீகரித்த பயிற்சி மையங்களில் முடிக்கலாம், சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும்.

தேர்வு கடினம் இல்லை, ஆனால் படிக்காமல் போனால் தேறாது. பாலத்தின் மேல் ஒரு மஞ்சள் சாய்சதுரம் இருந்தால் எதிரிலிருந்தும் படகு வரும், இரண்டு இருந்தால் அந்த வளைவு ஒருவழி. லாக்கில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் உங்களுக்காகத் தயார் செய்கிறார்கள், இரண்டு சிவப்பு என்றால் லாக் வேலை செய்யவில்லை. பெரிய சரக்குக் கப்பல் நீலப் பலகையைத் தூக்கி வெள்ளை விளக்கை மினுக்கினால், வழக்கமான பக்கத்தை விட்டு மறுபக்கமாகத் தாண்டிப் போகச் சொல்கிறது என்று அர்த்தம். இந்தக் கடைசி விதியை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் படியுங்கள், நெதர்லாந்தின் மாஸ் ஆற்றில் முதல் நாளே தேவைப்படும்.

ஓட்டுநர் தேர்வில் ஒரு நுணுக்கம். ஐ.சி.சி.யில் 10 மீட்டர் வரை, அதற்கு மேல் என்று இரண்டு வகை. நீங்கள் 11 மீட்டர் படகு வாங்கப் போகிறீர்கள் என்றால், பயிற்சிக்குப் பதியும்போதே பெரிய படகில் தேர்வு நடக்குமா என்று கேளுங்கள். சின்னப் படகில் தேறிவிட்டு வந்தால் மறுபடியும் பணம்.

கணவர் தேர்வெழுதுவார், மனைவி கயிறு பிடிப்பார் என்று பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஓட்டத் தெரிந்தவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டால், அந்தப் படகை அடுத்த ஊருக்குக் கொண்டுசேர்க்கச் சட்டப்படி ஆள் இருக்காது. இருவரும் எழுதுங்கள். ஒருவருக்குச் சில நூறு பவுண்ட் கூடுதலாகும், அவ்வளவுதான்.

4. படகு: அளவு முதலில், அழகு அப்புறம்

பிரான்சில் எங்கே போக முடியும் என்பதைப் படகின் உயரம்தான் தீர்மானிக்கும். வழக்கமான சரக்குக் கால்வாய் லாக்குகள் சுமார் 38.5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஆகவே நீள அகலத்தில் உங்களுக்குச் சிக்கல் வராது. அந்தக் கால்வாய்களில் பாலத்தடி உயரம் 3.50 மீட்டர் என்று சொல்வார்கள். பர்கண்டி கால்வாயின் பூய் சுரங்கத்தில் 3.10 தான். நிவெர்னே கால்வாயின் மேற்பகுதியில் 2.71. விளம்பரத்தில் போட்டிருக்கும் உயரத்தை நம்பாதீர்கள், கூரையும் கண்ணாடியும் மடக்கிய நிலையில் தண்ணீர் மட்டத்திலிருந்து நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். 2.70க்குள் இருந்தால் அநேகமாக எங்கும் போகலாம்.

அமிழ்வு, அதாவது தண்ணீருக்குக் கீழே இறங்கும் ஆழம், 1.10 மீட்டர் அளவில் இருந்தால் நிம்மதி. 1.80 மீட்டர் ஆழம் என்று போட்டிருக்கும் கால்வாய்களிலும் கோடையில் சேறும் பாசியும் சேர்ந்து அந்த ஆழம் இருப்பதில்லை.

இருவருக்கு 10 முதல் 12 மீட்டர் நீளம் சரியாக இருக்கும். 1980கள், 90களில் கட்டிய டச்சு ஸ்டீல் படகுகள், ஒரே டீசல் எஞ்சின், நல்ல ஹீட்டர் என்றால் ஏறக்குறைய 40,000 முதல் 90,000 யூரோவுக்குள் பார்க்கலாம். வடக்கே ஃப்ரீஸ்லாண்டில் ஸ்னேக் ஊரைச் சுற்றியும், தெற்கே ரூர்மாண்ட், மாஸ்பிராக்ட் பக்கத்திலும் விற்பனைத் துறைமுகங்கள் அதிகம். ரூர்மாண்டில் வாங்கினால் பிரான்சுக்கு ஏற்கெனவே பாதி தூரம் வந்த மாதிரி. முன்பக்கம் பக்கவாட்டில் தள்ளும் சிறு புரொப்பெல்லர் இருப்பது கட்டாயமில்லை, ஆனால் காற்றடிக்கும் நாளில் லாக்குக்குள் நுழையும்போது இருவருக்கும் இடையே சமாதானம் நிலவ அது உதவும். ஓட்டும் இடத்திலிருந்து கரைக்கு எப்படி இறங்குவது என்பதை இறங்கியே பாருங்கள். பின்பக்கம் உயர்ந்த படகுகளில் ஏறி இறங்குவது அறுபது வயதுக்கு மேல் தினசரித் தொல்லை.

5. சர்வே, ஒப்பந்தம், வாட்

டச்சுத் தரகர்கள் பெரும்பாலும் படகுத் தொழில் சங்கமான ஹிஸ்வா அமைப்பின் அச்சு ஒப்பந்தத்தில்தான் விற்பார்கள். வழக்கமாகப் பத்து சதவீதம் முன்பணம். 'சர்வே முடிவுக்கு உட்பட்டு' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு மேல் பழுது கண்டுபிடித்தால் நீங்கள் விலகலாம் என்று எழுதியிருக்கிறதா, இந்த இரண்டையும் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். சர்வேயரைத் தரகர் சொல்லும் ஆளாக இல்லாமல் நீங்களே தேடுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும் கூலியையும் சேர்த்து ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகும். அதைச் செலவென்றே நினைக்காதீர்கள்.

சர்வேயர் ஒலியலைக் கருவி வைத்து அடித்தகட்டின் தடிமனை இடம் இடமாக அளப்பார். பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் 4 மில்லிமீட்டரைக் கீழ் எல்லையாகப் பார்க்கின்றன. அதற்குக் கீழே போன இடத்தில் மேலே இன்னொரு தகட்டை வைத்துப் பற்றவைத்திருந்தால் எத்தனை இடத்தில், எப்போது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தகட்டுக்குப் பதிலாகத் தாம் அரிபடும்படி அடியில் பொருத்தும் அனோடு கட்டிகள் நன்னீருக்கு மெக்னீசியத்தில் இருக்க வேண்டும். கடலுக்கான துத்தநாகக் கட்டி கால்வாய்த் தண்ணீரில் சரியாக வேலை செய்யாது, தகடு அரிக்கும்.

இப்போது வாட், மதிப்புக் கூட்டு வரி. இந்தப் படகுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வாட் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான ஆதாரம் இல்லாமல் பணத்தை அனுப்பவே கூடாது. சரியான ஆதாரம் முதல் விற்பனையின் அசல் ரசீது. 1985 ஜனவரி 1க்கு முன் பயன்பாட்டில் இருந்து, 1992 டிசம்பர் 31 அன்று ஒன்றியத்துக்குள் இருந்த படகென்றால் கட்டியதாகக் கருதப்படும், ஆனால் வயதுக்கும் இடத்துக்கும் காகிதம் வேண்டும். எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு படகில் ரசீது 'வீட்டில் எங்கேயோ இருக்கிறது' என்று தரகர் வாரக்கணக்கில் இழுத்தார், கடைசிவரை வரவில்லை, அந்தப் படகை விட்டுவிட்டோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். 1998 ஜூன் 16க்குப் பிறகு விற்பனைக்கு வந்த படகென்றால் ஐரோப்பிய ஒன்றியத் தரத்தைக் காட்டும் சி.இ. முத்திரையும் அதன் உறுதிச்சான்றும் சேர்த்துக் கேளுங்கள்.

நெதர்லாந்தில் சிறு படகுகளுக்கு உரிமைப் பதிவு பொதுவாகக் கட்டாயம் இல்லை. ஆகவே முந்தைய உரிமையாளர்களின் விற்பனைப் பத்திரங்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய படகுகளில் கடன் நிலுவை இருக்கலாம், நிலப்பதிவு அலுவலகமான கடாஸ்டரில் தேடச் சொல்லுங்கள்.

6. பெயர், பதிவு, ரேடியோ, இன்சூரன்ஸ்

படகுக்கு வேறு பெயர் வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே வையுங்கள். எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர் வர வேண்டும்.

பிரிட்டனில் வசிப்பவர்கள் 24 மீட்டருக்குக் குறைவான படகை எஸ்.எஸ்.ஆர். என்னும் சிறு கப்பல் பதிவேட்டில் இணையம் வழியாகப் பதியலாம், ஐந்து ஆண்டு செல்லும். அது படகின் நாட்டைத்தான் காட்டும், நீங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபிக்காது. அதற்கு விற்பனைப் பத்திரத்தின் அசல்தான். பதிவு எண் வந்ததும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமில் கப்பல் ரேடியோ உரிமம் எடுங்கள், இணையத்தில் எடுத்தால் இலவசம். அப்போதே ஏடிஸ் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகளில் வி.ஹெச்.எஃப். ரேடியோ ஒவ்வொரு முறை பேசி முடிக்கும்போதும் இந்த எண்ணைத் தானாக அனுப்ப வேண்டும். 9இல் தொடங்கும் பத்திலக்க எண். வாங்கிய படகில் இருக்கும் ரேடியோவில் பழைய உரிமையாளரின் எண் பதிந்திருக்கும், அதைக் கடைக்காரரிடம் கொடுத்து மாற்ற வேண்டும். பல செட்டுகளில் ஒரு முறைதான் வீட்டில் பதிய முடியும் என்பதால் இலக்கத்தை நிதானமாகச் சரிபார்த்து அழுத்துங்கள். ரேடியோவில் பேசுபவருக்கு எஸ்.ஆர்.சி. சான்றிதழ், ஒரு நாள் வகுப்பு.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது 'உள்நாட்டு நீர்வழிகள்' என்பதோடு நாடுகளின் பெயரும் பாலிசியில் வரட்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுச் சான்று இல்லாமல் துறைமுகத்தில் கட்ட விட மாட்டார்கள்.

எல்லா அசல்களையும் ஒரே நீர்புகாப் பையில் வையுங்கள்: பதிவுச் சான்று, விற்பனைப் பத்திரம், வாட் ஆதாரம், இன்சூரன்ஸ், இருவரின் ஐ.சி.சி., ரேடியோ உரிமமும் எஸ்.ஆர்.சி. சான்றிதழும், பாஸ்போர்ட். செவ்னி விதிப்புத்தகப் பிரதியும் படகில் இருக்க வேண்டும். நகல்களைத் தனியாக இன்னொரு இடத்தில்.

7. நாட்டுக்கு நாடு மாறும் கட்டணம்

நெதர்லாந்தில் படகு ஓட்டப் பொதுக் கட்டணம் கிடையாது, சில பாலங்களில் மட்டும் சில்லறை கேட்பார்கள். ஃப்ரீஸ்லாண்டில் பாலக்காரர் மரச்செருப்பைக் கயிற்றில் கட்டி உங்களை நோக்கி ஆட்டிவிடுவார், காசை அதில் போட வேண்டும், சில்லறையைக் கையில் வைத்திருங்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குள் போனால் அங்கே தனி வின்யெட், அதாவது படகில் ஒட்டும் கட்டணச் சீட்டு.

பிரான்சில் வி.என்.எஃப். என்னும் அரசு நிறுவனம் சுமார் 6,700 கிலோமீட்டர் நீர்வழியைப் பராமரிக்கிறது. அதற்கான வின்யெட்டை இணையத்தில் வாங்கலாம். கட்டணம் படகின் நீளத்தையும் எத்தனை நாளுக்கு என்பதையும் பொறுத்தது: ஒரு நாள், ஒரு வாரம், மாதம், ஆண்டு என்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் போவதென்றால் மாதக் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சடித்து முன்கண்ணாடியில் தெரியும்படி ஒட்ட வேண்டும், அதற்கு ஒரு பிரிண்டர் வேண்டும், படகில் அது இருக்காது. வீட்டிலிருந்தே அச்சடித்து எடுத்துப் போங்கள்.

8. படகில் ஏற்ற வேண்டியவை

நல்ல கயிறுகள் நான்கு, அதில் குறைந்தது இரண்டு 15 மீட்டருக்குக் குறையாமல். ஃபெண்டர்கள், அதாவது படகின் ஓரம் உரசாமல் தொங்கவிடும் காற்றடைத்த உருளைகள், பக்கத்துக்கு ஐந்து. கரையில் அடிக்க இரும்பு முளைகளும் சுத்தியலும், இறங்க ஒரு பலகை. நீண்ட தண்ணீர்க் குழாயும் எல்லா அளவு இணைப்பான்களும். மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் நீலப் பிளக் உள்ள நீள வயரும், சின்ன ஊர்களுக்காக பிரெஞ்சு வீட்டுப் பிளக் மாற்றியும். சிறிய துறைமுகங்களில் 6 ஆம்பியர்தான் கிடைக்கும், கெட்டிலையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டை லாக்கில் போட்டுக்கொள்ளுங்கள், நீச்சல் தெரிந்தவர்களும்தான்.

கேஸ் சிலிண்டர் நாட்டுக்கு நாடு வேறு. டச்சு சிலிண்டரைப் பிரான்சில் மாற்றித் தர மாட்டார்கள், ரெகுலேட்டரும் வேறு. நம் சமையலுக்கு இது முக்கியமான விஷயம், ஏனென்றால் சோறும் பருப்பும் தினம் என்றால் கேஸ் வேகமாகக் கரையும். பிரஷர் குக்கரை விட்டுவிட்டு வராதீர்கள். கேஸும் மிச்சம், சின்ன அறைக்குள் நீராவி படிந்து பூஞ்சை பிடிப்பதும் குறைவு. அரிசி, பருப்பு, பொடி வகைகளைப் பிரிட்டனிலிருந்து எடுத்துப் போகலாம். நெய், பால் பொருள், இறைச்சி எதையும் ஒன்றிய எல்லைக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் காய்கறி, கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் வேண்டாம். தேங்காய் அனுமதி என்று தெரிந்ததே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். பிரான்சின் கிராமங்களில் ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் வரை பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டி இருக்கிற படகாக வாங்குங்கள். நெதர்லாந்தில் கழிப்பறைக் கழிவை நேரே தண்ணீரில் விடுவது 2009 முதல் தடை.

9. பாதையும் நேரக் கணக்கும்

புதியவர்கள் ரைன் ஆற்றை எதிர்த்து ஏற வேண்டாம். அந்த ஓட்டமும் அந்தக் கப்பல்களும் முதல் ஆண்டுக்கு உரியவை இல்லை. மாஸ்ட்ரிக்ட், லியெஜ், நாமூர், டினான் என்று மாஸ் ஆற்றிலேயே போய் ஜிவேயில் பிரான்சுக்குள் நுழையலாம். அதே ஆற்றைப் பிரான்சில் மியூஸ் என்பார்கள். லானே லாக்கைத் தாண்டினால் பெல்ஜியம். அந்த லாக்கின் உயரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பெரிய லாக்குகளில் தண்ணீர் நிதானமாகவே ஏறும். சரக்குக் கப்பல் எஞ்சினை முடுக்கும்போது மட்டும் கயிற்றை விடாதீர்கள். ஜிவேயிலிருந்து மியூஸ் கால்வாய், டூல், வோஜ் கால்வாய், சோன் ஆறு, சேன்-ஜான்-தெ-லோன். சில இடங்களில் முதல் லாக்கில் ரிமோட் ஒன்று தருவார்கள், கடைசி லாக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நாள் கணக்கை வரைபடத்தின் கிலோமீட்டரை வைத்துப் போடாதீர்கள். ஒரு லாக்குக்குக் கால் மணி நேரம் என்று வைத்து அதைச் சேருங்கள். வோஜ் கால்வாய் 120 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், லாக்குகள் 93. ஓட்ட 17 மணி நேரம், லாக்குகளுக்கு 23 மணி நேரம், மொத்தம் 40. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் கை கால் விட்டுப்போகும், ஆக எட்டு நாள். நடுவில் மழை, சந்தை, சும்மா இருக்கத் தோன்றும் நாள் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு என்று வையுங்கள். பல கால்வாய்களில் மதியம் 12 முதல் 1 வரை லாக் மூடியிருக்கும். மே 1 அன்று முழு விடுமுறை.

பராமரிப்புக்காக லாக்குகளை மூடும் அட்டவணையை வி.என்.எஃப். முன்கூட்டியே வெளியிடுகிறது, பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். வறட்சி அப்படி அறிவித்துவிட்டு வருவதில்லை. 2022 கோடையில் பிரான்சில் பல கால்வாய்கள் தண்ணீர் இல்லாமல் மூடப்பட்டன. மலைக்கு மேலே ஏறும் கால்வாய்களை ஜூலைக்கு முன் கடந்துவிடும்படி திட்டமிடுங்கள். வசந்தத்தில் மியூஸில் வெள்ளம் வரலாம் என்பதால் ரொம்ப முன்கூட்டிப் போவதும் சரியில்லை. ஏப்ரல் நடுவில் புறப்படுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

10. லாக்குக்குள் இருவர்

ஏறும்போது முன்கயிறு முதலில். கரையில் உள்ள தூணைச் சுற்றி எடுத்து, நுனி உங்கள் கைக்கே திரும்பி வர வேண்டும். கயிற்றை இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு விட்டுவிடாதீர்கள். இறங்கும்போது தண்ணீர் கீழே போகும், முடிச்சுப் போட்ட படகு சுவரில் தொங்கும், கவிழும். ஒரு கூர்மையான கத்தி எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இறங்கும் லாக்கில் பின்கதவுக்கு அருகே தண்ணீருக்கடியில் ஒரு கல்படி உண்டு, படகின் பின்பகுதி அதன் மேல் உட்கார்ந்துவிடாமல் முன்னே தள்ளி நில்லுங்கள். தானியங்கி லாக்கில் நீலக் கம்பியை மேலே தூக்கினால் வேலை தொடங்கும், சிவப்புக் கம்பி அவசரத்துக்கு.

கத்திப் பேசாதீர்கள். எஞ்சின் சத்தத்தில் 'நிறுத்து' என்பது 'திருப்பு' என்று கேட்கும், அப்புறம் சாயங்காலம் வரை பேச்சு இருக்காது. கைச்சாடை ஐந்தாறு முன்பே பேசிவையுங்கள், அல்லது தலையில் மாட்டும் பேசுகருவி வாங்குங்கள். நாள் விட்டு நாள் இடம் மாறுங்கள்: இன்று ஓட்டியவர் நாளை கயிறு.

11. செலவு

11 மீட்டர் ஸ்டீல் படகு கால்வாய் வேகத்தில் மணிக்கு இரண்டு முதல் மூன்றரை லிட்டர் டீசல் குடிக்கும். பெட்ரோல் பங்க் விலையில்தான் வாங்க வேண்டும். பர்கண்டி பக்கம் தண்ணீரோரப் பங்குகள் அரிது, 20 லிட்டர் கேன்களும் ஒரு தள்ளுவண்டியும் வையுங்கள். துறைமுகத்தில் இரவுக்கு ஏறக்குறைய 10 முதல் 25 யூரோ, கிராமத்துக் கரைகள் பல இலவசம். இன்சூரன்ஸ், வின்யெட், குளிர்கால இடம், படகைத் தூக்கி அடிக்குக் கறுப்புப் பூசுவது: இவை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வரும் செலவுகள். படகு விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுச் செலவாக ஒதுக்கினால் பதற்றம் இல்லாமல் ஓடும். வாங்கிய முதல் ஆண்டுக்கு மட்டும் அதற்கு மேலும் ஒரு தொகை தனியாக இருக்கட்டும். பேட்டரி, ரப்பர் குழாய், தண்ணீர் பம்ப் என்று எதையாவது மாற்றாமல் எந்தப் பழைய படகும் முதல் சீசனைத் தாண்டாது.

12. குளிர்கால இடம்

இதை எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது. விசாவுக்கான துறைமுகக் கடிதம் இங்கிருந்துதான் வரப் போகிறது. சேன்-ஜான்-தெ-லோன், ஓசேர், ரோவான், டூல் போன்ற இடங்களில் குளிர்காலத்துக்குப் படகை விடலாம், பழுதுபார்ப்பவர்களும் கிடைப்பார்கள். நல்ல இடங்கள் முந்தைய வசந்தத்திலேயே நிரம்பிவிடும். மின்னஞ்சலில் படகின் நீளம், அகலம், அமிழ்வு, இன்சூரன்ஸ் சான்று எல்லாம் முதல் கடிதத்திலேயே அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும், பிரெஞ்சில் நான்கு வரி எழுதினால் இன்னும் சீக்கிரம். படகு தண்ணீரில் இருக்குமா, கரையில் ஏற்றி வைப்பார்களா, பனி உறையும் நாட்களில் யாராவது பார்ப்பார்களா, மின்சாரம் தனிக் கணக்கா என்று கேளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் முழுக்க வடித்துவிடுங்கள், எஞ்சினின் குளிர்நீர்ச் சுற்றில் உறைதடுப்புத் திரவம் ஊற்றுங்கள், டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள், காலியாக விட்டால் உள்ளே நீர் கோர்த்துக்கொள்ளும். படகுச் சாவி ஒன்றைத் துறைமுக அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.